மாத்திரை போட்டும் ஏன் இப்படி?

மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொள்பவர்களை அதிகம் வாட்டுவது எது என்று கேட்டால், பக்க விளைவு என்று நான் சொல்ல மாட்டேன். வருவது எதனால் என்றே தெரியாமல் தவிப்பதுதான். காலையில் நன்றாக இருந்த மனம் மதியத்துக்குள் காரணமே இல்லாமல் சரிந்துவிடும். தலை கிறுகிறுக்கும். நெஞ்சு படபடக்கும். இது நோய் திரும்பி வருவதா, மாத்திரை செய்யும் வேலையா, உடம்பில் வேறு ஏதாவது கோளாறா, இல்லை என் சுபாவமே இப்படி ஆகிவிட்டதா? விடை தெரியாத நாட்களில் அந்தப் பயமே நோயைவிடப் பெரிதாகிவிடும்.

நான் சில ஆண்டுகளாக இந்த மாத்திரைகளில் இருக்கிறேன். முதலில் எஸ்சிட்டலோப்ராம். அதில் பாதிப் பலன்தான் கிடைத்தது என்பதால் மருத்துவர் மெல்ல மெல்ல வென்லாஃபாக்சினுக்கு மாற்றினார். இப்போதும் அதுதான். சோர்வு பெருமளவு விலகிவிட்டது. வேலைக்குப் போகிறேன், தூங்குகிறேன், சிரிக்கிறேன். ஆனால் நடுவில் ஒரு நீண்ட காலம், நன்றாக ஆன பிறகும், விளங்காத ஏற்ற இறக்கங்களோடு இருந்தேன். அதை எப்படிப் பிரித்துப் பார்த்தோம் என்பதைத்தான் எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் டோஸை மாற்ற வேண்டாம். உங்கள் மருத்துவரிடம் என்ன சொல்லலாம், என்ன கேட்கலாம் என்பதற்கு இது உதவினால் போதும்.

முதல் சில வாரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் புரியாதது அதிகம் இல்லை. இந்த மாத்திரைகள் செரட்டோனின் என்ற ரசாயனத்தைக் கையாள்பவை. செரட்டோனின் என்றாலே மூளையில் இருப்பது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் உடம்பில் இருக்கும் செரட்டோனினில் 90 சதவீதம் குடலில் இருக்கிறது. அதனால்தான் மாத்திரை தொடங்கியதும் வயிறு முதலில் முறையிடுகிறது: குமட்டல், பேதி, பசியின்மை. கூடவே தலைவலி, தூக்கக் கோளாறு, கொட்டாவி. பதற்றத்துக்காக மாத்திரை தொடங்கியவருக்கு முதல் வாரத்தில் பதற்றம் கூடக்கூடச் செய்யலாம். இவை பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் அடங்கிவிடும். மனம் தேறுவதற்கோ 2 முதல் 4 வாரம் ஆகும், முழுப் பலன் தெரிய 6 முதல் 8 வாரம்கூட ஆகலாம். தொல்லை முந்திக்கொள்கிறது, பலன் பின்னால் வருகிறது. இந்த இடைவெளியில்தான் பலர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். இதை மருத்துவர் முன்கூட்டியே சொன்னால் நோயாளிக்கு எவ்வளவோ தெம்பாக இருக்கும். எனக்குச் சொன்னார்கள், அதனால் தாக்குப்பிடித்தேன்.

ஒன்றை மட்டும் 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று விட்டுவிடக் கூடாது. உட்கார முடியாது, படுக்க முடியாது, கால்கள் நடந்துகொண்டே இருக்கச் சொல்லும், உடம்பைக் கழற்றி வைத்துவிடலாமா என்று தோன்றும் அளவுக்கு ஒரு தவிப்பு. அகதிசியா என்று இதற்குப் பெயர். சாதாரணப் படபடப்பு வேறு, இது வேறு. மாத்திரை தொடங்கிய பிறகோ டோஸ் கூட்டிய பிறகோ இப்படி வந்தால் அன்றே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். டோஸைக் குறைப்பது, மருந்தை மாற்றுவது, தவிப்பை அடக்க வேறு மருந்து சேர்ப்பது என்று இதற்கு வழிகள் இருக்கின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டிய விஷயமே இல்லை.

என்னுடைய புதிர் இதெல்லாம் முடிந்த பிறகு வந்தது. வென்லாஃபாக்சின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியிருந்தது. ஆனால் சில நாட்களில் கண்ணை இடமிருந்து வலமாகத் திருப்பினால்கூடத் தலைக்குள் சுர்ரென்று ஒரு ஷாக் அடிக்கும். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் தரை நழுவுகிற மாதிரி இருக்கும். அதே நாட்களில் யார் பேசினாலும் எரிச்சல் வரும். இன்னும் சில நாட்களில் எரிச்சல் இருக்காது, அழுகை இருக்கும். எதற்கு என்றே தெரியாது, கண்ணீர் தானாக வழியும், 'எதுக்கும் லாயக்கில்லை' என்ற பழைய குரல் மறுபடி கேட்கும். அப்புறம், இந்த இரண்டிலும் சேராத ஒரு களைப்பு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், கால் கனக்கும், தலைமுடி சீப்போடு வரும். இரவில் தலையணை நனையும் அளவுக்கு வியர்வை.

இத்தனையையும் நான் ஒரே மூட்டையாகத்தான் பார்த்தேன். எல்லாரும் அப்படித்தான் பார்த்தார்கள். 'மாத்திரை ஒத்துக்கலை போல' என்றார்கள் சிலர். 'நோய் முழுசா போகலை' என்றார்கள் சிலர். மாத்திரையே வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு.

வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாத்திரை எடுக்கும் பலருக்கு இது நடக்கிறது, யாரும் வெளியே பேசுவதில்லை. ஒரு நாள் என் கணவர் செய்கிறேன் என்று ஒத்துக்கொண்ட ஒரு வேலையை மறுபடி மறந்திருந்தார். கோபம் வந்தது, குரல் உயர்ந்தது. அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மிகவும் மெதுவாக, "காலைல மாத்திரை போட்டியாம்மா?" என்று கேட்டார். அக்கறையோடுதான் கேட்டார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கேள்வி என் கோபத்தைச் செல்லாக்காசாக்கிவிட்டது. அதற்குப் பிறகு நான் என்ன சொன்னாலும் அது நோயாளியின் பேச்சாகிவிடும். மாத்திரை எடுப்பவளுக்கும் நியாயமான கோபம் வரும். நியாயமான துக்கமும் வரும். எல்லா உணர்ச்சியையும் மருந்துச் சீட்டோடு சேர்த்துப் பார்க்கத் தொடங்கினால், கொஞ்ச நாளில் நாமே நம்மை நம்ப மாட்டோம். 'இது நிஜமான கோபமா, மருந்துக் கோபமா' என்று ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் விசாரணை நடத்துவது பெரிய களைப்பு.

மறுநாள் அமைதியாக இருந்தபோது அவரிடம் சொன்னேன்: "சண்டை நடக்கும்போது மாத்திரைப் பேச்சை எடுக்காதீங்க. நான் சொல்ற விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்லுங்க. என்கிட்ட ஏதாவது வித்தியாசமா தெரிஞ்சா குறிச்சு வெச்சு அடுத்த நாள் சொல்லுங்க, கேட்டுக்கறேன்." அவர் ஒத்துக்கொண்டார். இந்த ஏற்பாடு எங்கள் வீட்டைக் காப்பாற்றியது என்றே சொல்வேன். முதல் துப்பும் இதில்தான் கிடைத்தது. சில வாரம் கழித்து அவர் சொன்னார்: "ஞாயித்துக்கிழமைன்னா காலைலேர்ந்து மதியம் வரைக்கும் நீ யார்கிட்டயும் பேச மாட்டேங்கற. மூணு, நாலு மணிக்கு மேல நீயா வந்து பேசற."

அடுத்த சந்திப்பில் இதை மருத்துவரிடம் சொன்னேன். அவர் மருந்தைத் தொடவில்லை. "எப்படி இருக்குன்னு சொல்றீங்க, எப்ப இருக்குன்னு சொல்ல மாட்டேங்கறீங்க. அடுத்த தடவை வரும்போது நேரத்தோட எழுதிட்டு வாங்க" என்றார். மாத்திரை போட்ட நேரம், தூங்கிய நேரம், மாதவிடாய் நாள், வேறு ஏதாவது மருந்து எடுத்திருந்தால் அது, பிறகு உடம்புக்கும் மனதுக்கும் என்ன ஆனது, எத்தனை மணிக்கு. அவ்வளவுதான். மனக்குமுறலை எழுதும் நாட்குறிப்பு அல்ல இது. நீளமாக எழுதினால் நாலு நாளில் விட்டுவிடுவோம் என்று அவரே எச்சரித்தார். அதனால் ஒரு நாளைக்கு ஓரிரு வரி. உதாரணத்துக்கு இரண்டு நாட்களை அப்படியே தருகிறேன்:

'காலை 7 மாத்திரை. தூக்கம் பரவாயில்லை. மாலை 4 மணிக்குக் கால் கனம், படி ஏறினால் மூச்சு. மனசு சரியாகத்தான் இருக்கு.'

'மாத்திரை 11.15. பத்து மணியிலிருந்தே கண் திருப்பினால் ஷாக். எல்லார் மேலும் எரிச்சல். 3 மணிக்கு மேல் ஒன்றும் இல்லை.'

இரண்டு மாதம் இப்படி எழுதினால் போதும் என்றார். எழுதிய தாள்களை வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்தபோதுதான், நான் ஒன்று என்று நினைத்துப் பயந்தது மூன்று என்று தெரிந்தது. மூன்று நிற நூல்கள் சிக்கிக் கிடந்தால் ஒரே முடிச்சாகத்தானே தெரியும், அப்படி.

முதலாவது, ஞாயிற்றுக்கிழமை விவகாரம். வாரநாட்களில் ஏழு மணிக்கு மாத்திரை. விடுமுறை நாளில் தாமதமாக எழுந்து, பதினொன்றுக்கு. சீட்டில் 'காலை ஒன்று' என்று மட்டும்தான் இருந்தது. நாலு மணி நேரத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். வென்லாஃபாக்சினைப் பொறுத்தவரை நிறைய வரும். ஒரு மருந்தின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை அரை ஆயுள் என்கிறார்கள். வென்லாஃபாக்சினுக்கு அது சுமார் 5 மணி நேரம். அது உடம்பில் மாறி உருவாகும் பொருளுக்குச் சுமார் 11 மணி நேரம். மெதுவாகக் கரையும் கேப்ஸ்யூலாகக் கொடுப்பதால்தான் நாளைக்கு ஒன்று போதுமானதாக இருக்கிறது. அந்தக் கேப்ஸ்யூலை மென்றோ பொடித்தோ சாப்பிடக் கூடாது என்பதும் இதனால்தான். இதே போன்ற இன்னொரு மனச்சோர்வு மாத்திரையான பராக்சிட்டினும் சீக்கிரம் இறங்கும் வகை. செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராமுக்கு ஒரு நாளுக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். ஃப்ளுவாக்சிட்டின் இதற்கு நேர் எதிர், அதுவும் அது மாறி உருவாகும் பொருளும் வாரக்கணக்கில் உடம்பில் தங்கும். அதனால் ஃப்ளுவாக்சிட்டின் எடுப்பவருக்கு ஒரு வேளை தவறினால் ஒன்றுமே தெரியாமல் போகலாம், என்னைப் போன்றவருக்குச் சில மணி நேரத் தாமதமே தலைக்குள் ஷாக்காகவும் எரிச்சலாகவும் தெரியும். 'எனக்கு அப்படியெல்லாம் இல்லையே' என்று அடுத்தவர் சொல்வதைக் கேட்டுக் குழம்பாதீர்கள். இருவரும் எடுப்பது வேறு வேறு மருந்தாக இருக்கலாம்.

தீர்வு மிகச் சின்னது. எல்லா நாளும் ஏழு மணிக்கு அலாரம். விடுமுறை நாளில் எழுந்து மாத்திரை போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறேன். படுக்கைக்குப் பக்கத்தில் தண்ணீர், கிழமை போட்ட மாத்திரைப் பெட்டி. 'போட்டேனா, போடலையா' என்ற சந்தேகத்துக்கு அந்தப் பெட்டி பதில் சொல்லிவிடும். பயணம் போனால் மாத்திரை கைப்பையில்தான் இருக்கும், பெரிய பெட்டியில் வைப்பதில்லை. மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே வாங்கிவிடுகிறேன். தவறிவிட்டால் என்ன செய்வது என்பதை உங்கள் மருந்துக்கு ஏற்ப முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக, அடுத்த வேளைக்கு நேரம் நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிட வேண்டும், இரண்டு வேளைக்கானதைச் சேர்த்துப் போடக் கூடாது.

இரண்டாவது நூல், காரணமில்லாத அழுகை. தாளில் மாதவிடாய் நாட்களை வட்டமிட்டிருந்தேன். அழுகையும் 'லாயக்கில்லை' குரலும் அந்த வட்டத்துக்கு முந்தைய வாரத்தில் கொத்தாக நின்றன, மாதவிடாய் தொடங்கிய ஓரிரு நாளில் காணாமல் போயின. அடுத்த மாதமும் அப்படியே. ஏற்கெனவே இருக்கும் மனச்சோர்வு மாதவிடாய்க்கு முன் கூடுவது உண்டு. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் மட்டும் கடுமையாக வரும் தனிக் கோளாறும் உண்டு. இரண்டில் எது என்று பிரித்துச் சொல்லவே குறைந்தது இரண்டு சுழற்சிகள் தினமும் குறித்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள், நினைவிலிருந்து சொல்வதை வைத்து முடிவு செய்வதில்லை. சிலருக்கு அந்த நாட்களில் மட்டும் டோஸை மாற்றித் தருவார்கள், சிலருக்கு மகப்பேறு மருத்துவரோடு சேர்ந்து ஹார்மோன் வழியாகப் பார்ப்பார்கள். எனக்கு, தெரிந்துகொண்டதே பாதி நிவாரணம். நோய் திரும்பிவிட்டது என்ற பீதி போனது. அந்த வாரத்தில் பெரிய முடிவு எதையும் எடுப்பதில்லை, வேலையை விடுவது, உறவை முறிப்பது போன்ற எண்ணங்கள் வந்தால் தேதி போட்டு எழுதி வைத்து அடுத்த வாரம் எடுத்துப் பார்க்கிறேன். நாற்பதுகளில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில் ஹார்மோன் தாறுமாறாக ஏறி இறங்கும். எரிச்சல், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வரும். மாத்திரையின் பக்க விளைவும் அச்சு அசல் அப்படியே இருக்கும் என்பதால் இரண்டும் கலந்துபோகும்.

மூன்றாவது நூலைப் பற்றிப் பேசும்போது எனக்கு இன்னமும் ஆதங்கம் வருகிறது. களைப்புக்கும் மூச்சு வாங்குவதற்கும் ஒரு பொது மருத்துவரிடம் முன்பே போயிருந்தேன். அவர் என் மாத்திரைகளின் பெயரைப் பார்த்தார், அதற்கு மேல் எதையும் பார்க்கவில்லை. "உங்களுக்கு டென்ஷன்தான். நல்லா தூங்குங்க" என்றார். மனநல மாத்திரை எடுப்பவரின் உடம்பில் எது வந்தாலும் அது மனதிலிருந்துதான் வரும் என்று முடிவு கட்டுவது அநியாயம். மனச்சோர்வு உள்ளவர்களுக்கும் ரத்தசோகை வரும், தைராய்டு வரும், இதய நோய் வரும். மனச்சோர்வும் உடம்பில் களைப்பாகவும் வலியாகவும் தெரியும் என்பது உண்மைதான். அதற்காகச் சோதிக்காமலே அதுதான் என்று சொல்லிவிட முடியாது.

என் மனநல மருத்துவர் தாளைப் பார்த்ததும், களைப்பு எந்த நேரத்தோடும் எந்த நாளோடும் சேராமல் எப்போதும் இருப்பதைக் கவனித்தார். மாத்திரை நேரத்தோடு ஒட்டாத, மனம் நன்றாக இருக்கும் நாளிலும் போகாத களைப்பு. ரத்தப் பரிசோதனை எழுதினார். ஹீமோகுளோபின் எல்லைக்கு உள்ளேதான் இருந்தது. ஃபெரிட்டின், அதாவது உடம்பில் சேமித்து வைத்திருக்கும் இரும்புச்சத்தைக் காட்டும் அளவு, மிகவும் குறைவு. ஹீமோகுளோபின் விழுவதற்கு முன்பே சேமிப்பு காலியாகும், அப்போதே களைப்பும் முடி உதிர்வும் தொடங்கலாம் என்று விளக்கினார். செரட்டோனினைக் கையாளும் மாத்திரைகள் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் வேலையையும் கொஞ்சம் மந்தப்படுத்தும், சிலருக்கு உதிரப்போக்கு அதிகமாகும், அதனால் மாதவிடாயின் அளவு மாறியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும் என்றார். இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பி, டீ, பாலோடு சேர்த்து எடுக்காமல் தனியாக எடுத்தேன். மெல்ல மெல்லப் படி ஏறும்போது மூச்சு வாங்குவது நின்றது.

உங்களுக்கு இரும்புச்சத்தாக இல்லாமல் வேறு எதுவாகவும் இருக்கலாம். விளங்காத களைப்போ மனமாற்றமோ தொடர்ந்தால் இவற்றைப் பார்க்கலாமா என்று கேளுங்கள்: முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், பி12, வைட்டமின் டி, சர்க்கரை, சோடியம். நீரிழிவுக்கு நெடுநாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் இரும்புச்சத்து மாத்திரையை நாலு மணி நேர இடைவெளி விட்டுத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தைராய்டு மாத்திரை உடம்பில் சேராது. சோடியத்தை ஏன் சேர்த்தேன் என்றால், இந்த மருந்துகளில் பல ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கக்கூடியவை. வயதானவர்களுக்கும், சிறுநீர் பிரிய மாத்திரை எடுப்பவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம், அதுவும் தொடங்கிய முதல் வாரங்களில். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், குழப்பமான பேச்சு என்று வரும். வீட்டில் வயதானவர் புதிதாக இந்த மாத்திரை தொடங்கி, திடீரென்று தடுமாறிப் பேசினால் 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாதீர்கள். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை உண்மையைச் சொல்லிவிடும்.

தாளில் 'வேறு மருந்து' என்று ஒரு பகுதி வைத்ததன் அருமையும் போகப் போகப் புரிந்தது. நாம் மருந்து என்றே கணக்கில் வைக்காதவை நிறைய இருக்கின்றன. தலைவலிக்குப் போடும் ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்றவை இந்த மாத்திரைகளோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடும். அசிடிட்டிக்கு எடுக்கும் ஓமிப்ரசோல், எஸ்சிட்டலோப்ராமின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். டோஸ் கூட்டாமலே டோஸ் கூடிய மாதிரி. ஃப்ளுவாக்சமின் என்ற மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர்களுக்குக் காப்பியில் உள்ள காஃபின் உடம்பை விட்டு இறங்கவே வெகு நேரமாகும், வழக்கமாகக் குடிக்கும் காப்பியே படபடப்பாக மாறும். மனநிலையை மாற்றும் மருந்துகள் வேறு சிகிச்சையிலிருந்தும் வரலாம்: ஸ்டீராய்டு மாத்திரைகள், ஆஸ்துமாவுக்குத் தரும் மான்டிலூகாஸ்ட், கருத்தடை மாத்திரைகள். மது மனச்சோர்வைக் கூட்டும், தூக்கத்தைக் கெடுக்கும், மறுநாள் பதற்றத்தை விட்டுச்செல்லும்.

இதில் உயிருக்கே ஆபத்தான ஒரு சேர்க்கையும் இருக்கிறது. வலிக்குத் தரும் ட்ரமடால், இருமல் மருந்துகளில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான், லைனசோலிட் என்ற ஆன்டிபயாடிக், செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை ஆகியவை இந்த மாத்திரைகளோடு சேரும்போது செரட்டோனின் அளவுக்கு மீறலாம். கை கால் நடுக்கம், தசை துள்ளுவது, விறைப்பு, கடும் வியர்வை, பேதி, வேகமான இதயத் துடிப்பு, காய்ச்சல், நிலைகொள்ளாத பதற்றம் ஆகியவை சில மணி நேரத்துக்குள் சேர்ந்து வந்தால் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். 'இயற்கை மூலிகைதானே' என்று மருத்துவரிடம் சொல்லாமல் எடுப்பவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. பல் மருத்துவரிடம் போனாலும், சளிக்கு மருந்து வாங்கப் போனாலும் நான் முதலில் சொல்வது என் மாத்திரையின் பெயரைத்தான். ஒரு சின்ன அட்டையில் எழுதிப் பணப்பையில் வைத்திருக்கிறேன்.

மனம் ஏறி இறங்குவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். அசையவே அசையாமல் போவதும் உண்டு. எஸ்சிட்டலோப்ராமில் இருந்தபோது எனக்கு அப்படி இருந்தது. துக்கம் போனது, கூடவே சந்தோஷமும் போனது. நெருங்கிய ஒருவர் நல்ல செய்தி சொன்னபோது முகத்தில் சிரிப்பை நானே எடுத்து வைக்க வேண்டியிருந்தது. தாம்பத்திய ஆசையும் மரத்துப்போனது. இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும், தெரியும். ஆனால் இரண்டுமே இந்த மருந்துகளில் அடிக்கடி வரும் பக்க விளைவுகள். நோய் மிச்சம் இருப்பதாலும் வரலாம், மருந்தாலும் வரலாம், டோஸைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ பலருக்குச் சரியாகிறது. நாம் வாய் திறக்காவிட்டால், சோர்வு குறைந்துவிட்டதே என்று மருத்துவரும் திருப்தியாக அனுப்பிவிடுவார்.

எழுதிப் பார்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாத நிலைகளும் இருக்கின்றன. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் புதிதாக வந்தாலோ, முன்பு இருந்தது கூடினாலோ, அன்றே மருத்துவரை அழையுங்கள். எண்ணம் திட்டமாக மாறினால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ, தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கோ போங்கள், தனியாக இருக்காதீர்கள். 24 வயது வரையுள்ள இளையவர்களுக்கு மாத்திரை தொடங்கும்போதும் டோஸ் மாறும்போதும் இந்த ஆபத்து கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007 முதல் மருந்தின் விவரக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்திருக்கிறது. அந்த வயதில் உள்ள பிள்ளை மாத்திரை தொடங்கினால் முதல் வாரங்களில் வீட்டார் கூடவே இருங்கள். இன்னொரு பக்கம், தூக்கமே தேவைப்படாமல் உற்சாகம் பொங்குவது, எண்ணங்கள் ஓடுவது, நிறுத்தாமல் பேசுவது, கையில் இருப்பதையெல்லாம் செலவழிப்பது, சின்ன விஷயத்துக்கும் வெடிப்பது. இதைப் பார்த்து 'நல்லா ஆயிட்டேன்' என்று மகிழத் தோன்றும். அது இருமுனைக் கோளாறின், அதாவது சோர்வும் அளவு மீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் நோயின், எழுச்சியாக இருக்கலாம், மனச்சோர்வு மாத்திரை அதைத் தூண்டிவிடக்கூடும். குடும்பத்தில் யாருக்காவது அந்தக் கோளாறு இருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். மயக்கம் போட்டு விழுவது, மலம் கருப்பாகப் போவது, வலிப்பு ஆகியவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது.

இவ்வளவு தொல்லையா, மாத்திரையையே நிறுத்திவிட்டால் என்ன என்று எனக்கும் தோன்றியதுண்டு. நிறுத்துவது தவறில்லை, திடீரென்று நிறுத்துவதுதான் கெடுதல். உடம்பு அந்த மருந்து இருக்கும் நிலைக்குப் பழகியிருக்கும். சட்டென்று எடுத்தால் தலைச்சுற்றல், தலைக்குள் ஷாக், குமட்டல், பயங்கரக் கனவுகள், அழுகை, கோபம் எல்லாம் வரும். அதைப் பார்த்துவிட்டு 'மாத்திரை இல்லாமல் என்னால் முடியாது போல' என்று பலர் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இரண்டையும் பிரிக்கக் காலம்தான் உதவும். நிறுத்திய சில நாட்களுக்குள் வந்து, மாத்திரை போட்டதும் சீக்கிரம் அடங்குவது பெரும்பாலும் நிறுத்தியதன் விளைவு. நோய் திரும்புவது பொதுவாக வாரங்கள், மாதங்கள் கழித்து மெல்ல வரும். தலைக்குள் ஷாக் அடிப்பது மனச்சோர்வின் அறிகுறியே அல்ல.

குறைக்கும் விதத்தைப் பற்றி மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2019-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் எழுதிய கட்டுரை முக்கியமானது. மூளையில் இந்த மருந்தின் விளைவு டோஸோடு நேர்க்கோட்டில் குறைவதில்லை, சின்ன டோஸிலேயே பெரும் பகுதி வேலை நடந்துவிடுகிறது. அதனால் பெரிய டோஸிலிருந்து பாதியாக இறங்குவது சுலபமாக இருந்தவருக்கும், கடைசிச் சின்ன டோஸிலிருந்து பூஜ்ஜியத்துக்கு வருவது கடினமாக இருக்கும். அடிக்கு வர வர ஒவ்வொரு படியும் சின்னதாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் படிப்படியாக, இருக்கும் டோஸில் ஒரு விகிதமாகக் குறைக்கச் சொல்கிறது. சிலருக்கு இது சில வாரம், சிலருக்குப் பல மாதம். அவசரப்படுத்த வேண்டியதில்லை.

கடைசியாக, அந்த மோசமான மணி நேரத்தில் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு. ஷாக்கோ தலைச்சுற்றலோ வந்தால் உட்கார்ந்துவிடுகிறேன், வண்டி ஓட்டுவதில்லை. தண்ணீர் குடிக்கிறேன். மணியைப் பார்க்கிறேன், தாளில் எழுதுகிறேன். எழுதும்போதே பாதிப் பயம் இறங்கிவிடுகிறது. எரிச்சல் வந்தால் வீட்டில் இருப்பவர்களிடம் "இப்ப எனக்குச் சரியில்லை, அரை மணி நேரம் கழிச்சுப் பேசலாம்" என்று சொல்லிவிட்டு நகர்கிறேன். காரணம் விளக்குவதில்லை. அழுகை வந்தால் அழுகிறேன்.

மருத்துவரிடம் போகும்போது ஒரு பக்கத்துக்கு மேல் எடுத்துப் போவதில்லை. மேலே மூன்று வரி: போன முறைக்குப் பிறகு எது மேல், எது மோசம், எது புதிது. கீழே என் கேள்விகள், முக்கியமானது முதலில், ஏனென்றால் நேரம் எப்போதும் குறைவு. ரத்த அழுத்தத்தை மறக்காமல் பார்க்கச் சொல்கிறேன், வென்லாஃபாக்சின் டோஸ் கூடும்போது அது ஏறக்கூடும். இரவு வியர்வை மட்டும் இன்னும் போகவில்லை. அது மருந்தால் வருவதுதான் என்று சோதனைகள் பார்த்துச் சொல்லிவிட்டார். டோஸைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாமா என்பதுதான் அடுத்த சந்திப்புக்கான தாளில் நான் எழுதி வைத்திருக்கும் முதல் கேள்வி.